பாவில் பட்ட வேப்பெண்ணெய்

இன்று காலை கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மாவுப்பூச்சி, வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கொண்டிருந்தது. "அக்கா, இங்க வந்து பாரேன்" என்று குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இந்தப் பாழும் வாய்க்கு இன்னும் புத்தி வரவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் கொல்லை என்றால் எவ்வளவு இருந்துவிடும்? உன் பக்கம் பத்துச் செடி, என் பக்கம் பத்துச் செடி. கடையில் விற்கிற விஷ மருந்து கூடாதென்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீர் சேர்த்து அடித்துக் கலக்காவிட்டால் மேலேயே மிதக்கும் என்று தெரிந்துகொள்ள மூன்று செடிகளைக் காவு கொடுத்தோம். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும் என்பதற்கு இன்னும் இரண்டு. அதற்குப் பிறகு நீ சாயங்காலம்தான் தெளிப்பாய். நான்தான் அவசரக்குடுக்கை. ஒருநாள் பொறிவண்டை நசுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாய். "அத்த வுடுமா. செடிப்பேன அதுதான் துன்னுது. அத்தக் கொன்னுட்டு நீ துன்னப் போறியா?" வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த நாளுக்கு வருகிறேன், வராமல் தீராது.

என் வீட்டுக்காரர் தறியில் நெய்யவிருந்த கல்யாணப் புடவைக்கு மாம்பழ நிறப் பட்டுப் பாவு, புடவையின் நெடுக்கு இழைகள். தெரு நீளத்துக்கு இழைகளை இழுத்துக் கட்டும்போது அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒரு கை கொடுப்பது நம் தெரு வழக்கம். நீயும் வந்திருந்தாய். நான் கொல்லையில் வேப்பெண்ணெய் கலக்கிக்கொண்டிருந்தேன். "ஏய், வந்து பாவப் புடி" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

கொஞ்ச நேரத்தில் இழைகளில் எண்ணெய்க் கறை, ஒரு சாண் அகலத்துக்கு. அவர் கோபம் உனக்குத் தெரியாததா? "இன்னா எண்ணெ இது? யார் கை பட்டுச்சு?" என்றார். நான் உன்னைக் காட்டினேன். "அக்கா கைதான். அவங்கதான் எப்பப் பாரு வேப்பெண்ணெயும் கையுமா இருக்காங்க."

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். பொய். தெரிந்துதான் சொன்னேன். பயம்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம், "என் கைதான் பட்டிருக்கும்பா. இனிமே எண்ணெயத் தொடல" என்றாய்.

தொடவும் இல்லை. உன் கத்தரி நுனிகள் வாடித் தொங்கின, காயெல்லாம் புழு. இந்தப் பக்கம் என் செடிகள் தளதளவென்று நின்றன. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மூன்றாவது வாரம் உனக்கு நெஞ்சுவலி. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காலையில் என் குரல் கேட்டு உன் மருமகள் வந்தாள். தாங்க முடியாமல் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவள் கொஞ்சமும் திடுக்கிடவில்லை.

"தெரியும் சித்தி. நீங்க எண்ணெ கலக்கினு இருந்தத அத்தை பாத்துட்டுதான் பாவு புடிக்க வந்தாங்க. 'நான் இல்லன்னு சொன்னா அவன் அவளப் போட்டு அடிப்பான், போவட்டும் வுடு'ன்னாங்க."

"என்மேல கோவமே இல்லியாமா?"

"கோவமா? 'அவளே வந்து சொல்லுவா பாரு'ன்னு தெனம் சாயங்காலம் உங்களுக்கும் சேத்து காபி போட வெப்பாங்க, சித்தி."

ஒவ்வொரு சாயங்காலமும் நான் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருந்தேன், அக்கா. உன்னைப் பார்க்க வேண்டிவருமே என்று. அத்தனை சாயங்காலங்களையும் இனி நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?