போன் எடுக்காத பீரங்கிக்காரர்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்குத் தையல் கடையில் வேலை அதிகம், காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறாள். உன் தம்பி புது பைக் வாங்கியிருக்கிறான், ஓட்டுவதைவிடத் துடைப்பதுதான் அதிகம்.

முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவம் சுலபமாகக் கிடைக்க நீ எழுதிய ஆராய்ச்சிப் புத்தகம் வந்தது. அட்டை வழவழவென்று ஜோராக இருக்கிறது. உள்ளேதான் சரக்கில்லை. வீரர்கள் ஆஸ்பத்திரியில் கால் கடுக்க நிற்க வேண்டாம், ஆஸ்பத்திரியே போனில் கூப்பிட்டு நாள் சொல்லட்டும், எடுக்காதவர்களை விருப்பமில்லை என்று விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடட்டும் என்கிறாய். அடடா, என்ன மூளை! பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்று காது போனவர்களை மணியடித்துக் கூப்பிடலாம் என்று தோன்றுவதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டும். சின்ன வயதில் உனக்குப் பசித்தால்கூட என் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் சொல்வாய். அந்த அறிவை எந்தப் பல்கலைக்கழகத்தில் தொலைத்தாயோ.

இங்குள்ள படைவீரர் ஆஸ்பத்திரிக்காரர்கள் உன் யோசனையை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். என்னோடு பீரங்கிப் படையில் இருந்து காதைத் தொலைத்த நம் நெட்டை மாமாவுக்குச் சர்க்கரையால் காலில் வந்த புண் ஆறவேயில்லை, சீக்கிரம் அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் சொல்லக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான். கூப்பிட்டார்கள், அவன் முன்னாலேயே போன் அடித்திருக்கிறது, மகராசன் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். பெயரை எடுத்துவிட்டார்கள். அவனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனேன். கூடத்தில் ஈ காக்கை இல்லை, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூட்டம் குறைந்துவிட்டதாம், அதில் அவர்களுக்குப் பெருமை வேறு. வாசலை அடைத்தால் கூட்டம் குறையாதா? கவுண்டரில் இருந்த பெண்ணிடம் இவனுக்குக் காது கேட்காதம்மா என்று கத்தினேன். அதையும் போன்லயே சொல்லிப் பதிஞ்சிடுங்க சார் என்றாள், வாயசைவை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மறுபடி வரிசையில் சேர்க்கவே ஆயிரம் கெஞ்சல்.

அதிலிருந்து நாங்கள் இருவரும் முறை வைத்துப் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அடித்தால் அதிருமே என்று. நேற்று அதிர்ந்தது. பேசியது ஏதோ எந்திரம் போலிருக்கிறது, எந்த எண்ணை அமுக்கச் சொன்னதோ யார் கண்டது, நெட்டை மாமா பதற்றத்தில் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது, நன்றி, நீங்கள் சிகிச்சை வேண்டாம் என்றது பதிவாகிவிட்டது என்று. பார்த்தாயா, வேண்டாம் என்பதை மட்டும் எழுத்தில் அனுப்பத் தெரிகிறது இந்த மேதாவிகளுக்கு. புண் கணுக்காலைத் தாண்டிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் உன் படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள், கீழே பாராட்டு வாசகம். பார்க்கிறவனிடமெல்லாம் உன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் நான் அன்று வாயைத் திறக்கவில்லை. நெட்டை மாமாதான் நொண்டிக்கொண்டே போய் அந்தக் கவுண்டர் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினான், இது எங்க பொண்ணும்மா, என் தோள்ல வளர்ந்த பொண்ணு என்று.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணிவிடாதே, கேட்காது. புறப்பட்டு வா.

உன் செவிட்டு அப்பா