சிவப்பு அடித்த குழாய்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே குழாய் வந்து இறங்கியது. ஆறு மீட்டர் நீளத்தில் இருபத்திரண்டு. பதினான்கு பம்பருக்கு, எட்டு கூண்டுக்கு. பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முனைகளுக்குப் பெயின்ட் அடித்தேன். பம்பர் குழாய்க்கு மஞ்சள், கூண்டுக் குழாய்க்குச் சிவப்பு. மூன்று வருடமாக இது என் வேலை. யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

மகன் இருபது வருடமாகப் பம்பர் செய்கிறான். கூண்டு என்பது பேத்தி கொண்டுவந்த வேலை. மேடு பள்ளம் பார்க்காமல் ஓடுகிற வண்டி உருண்டால் உள்ளே இருப்பவர்கள் நசுங்கக் கூடாது என்று கூரைக்கு அடியில் குழாயை வளைத்து வெல்டிங் செய்து கட்டுவது. ரோல் கேஜ் என்கிறார்கள். எனக்குக் கூண்டுதான்.

அவள் தனியாகக் கட்டப்போகும் முதல் கூண்டு இது. பல் டாக்டரின் வண்டிக்கு. அவர் ஓட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது அவர் மனைவி. மாதக் கடைசியில் போட்டி. தெருவில் ஒருத்தரிடமும் பெருமை பேசக் கூடாது என்று இருந்தேன். பால்காரரிடம் மட்டும் சொன்னேன். எதிர்வீட்டுக்காரியிடமும்.

மார்ச் 5, வியாழன்

அப்பாவுக்கும் பெண்ணுக்கும் வாக்குவாதம். பம்பர் குழாயும் கூண்டுக் குழாயும் வெளியே பார்க்க ஒரே பருமன், கூண்டுக் குழாய்க்கு மட்டும் எதற்கு இரட்டை விலை என்று மகன் கேட்டான். கேட்டது நியாயம்தான், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

பேத்தி இரண்டு துண்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னாள். பம்பர் குழாயின் உள்ளே நீளமாக ஒரு தழும்பு. தகட்டைச் சுருட்டி ஒட்டியது, அது ஒட்டின இடம், நம் ரவிக்கைக்குத் தையல் மாதிரி. கனம் இரண்டு எம்எம். கூண்டுக் குழாயில் தையலே இல்லை, வழவழவென்று இருந்தது. கனம் மூன்று.

"பம்பர் போனா வேற பம்பர் மாட்டிக்கலாம்ப்பா. கூண்டு போனா?" என்றாள்.

அவன் தம்ளரை எடுத்தான். டீ ஆறிப்போச்சு என்றான். அவன் ஒத்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

மார்ச் 9, திங்கள்

அடுக்கைச் சுத்தம் செய்தேன். கூண்டுக் குழாய் அடுக்கில் இரண்டு மீட்டர் போல ஒரு குழாய் பெயின்ட் இல்லாமல் கிடந்தது. யாரோ பெயின்ட் அடித்த பக்கமாக வெட்டிவிட்டார்கள். எத்தனை முறை சொல்வது? பெயின்ட் இல்லாததைத் தனியாக வையுங்கள் என்று பேத்தி சொல்லியிருக்கிறாள், ஆனால் தனியாக வைத்தால் பழைய இரும்போடு போய்விடும். நல்ல குழாய். கூண்டு அடுக்கில்தானே கிடந்தது. சிவப்பு அடித்து வைத்தேன்.

முட்டிவலி தேவலை.

மார்ச் 14, சனி

கூண்டு முடிந்தது.

என்னையும் ஏற்றி உட்காரவைத்தார்கள். ஏறுவதற்கு மகன் ஒரு பக்கம், பேத்தி ஒரு பக்கம். "எங்க போகணும்மா?" என்று மகன் கேட்டான். உன் மாமியார் வீட்டுக்கு விடு, பழைய பாக்கி ஒன்று பேச வேண்டியிருக்கிறது என்றேன். மருமகள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், அவள்தான் அதிகம் சிரித்தாள்.

தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தேன். எத்தனை வளைவு, எத்தனை ஒட்டு. ஒவ்வொன்றும் என் பேத்தியின் கை. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது நான் அழுததற்கு யாரோ இப்போது பதில் சொன்ன மாதிரி இருந்தது. நல்லா இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை சோதனை அதிகாரி வருகிறார்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று எழுதவே கை வரவில்லை.

வெட்டும் மெஷினுக்கு அடியில் பெருக்கினேன். ஒரு சாண் துண்டு கிடைத்தது, முனையில் சிவப்பு. நான் அடித்த சிவப்பு. பேனா போட்டு வைக்கலாமே என்று துடைக்க விரலை விட்டேன் — உள்ளே தழும்பு. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். தையல். வேறு சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இது மெலிசு. கண்ணுக்கே தெரிகிறது.

அன்றைக்குக் கிடந்த குழாய். மஞ்சள் குழாய் அது. யாரோ அடுக்கு மாற்றிப் போட்டிருக்கிறார்கள், நான் கேட்காமல் கொள்ளாமல் சிவப்பை அடித்துவிட்டேன். அது இப்போது கூண்டில் எங்கேயோ இருக்கிறது. அவங்க தலைக்கு மேலயா? காலுக்குக் கீழயா? எங்கன்னு தெரியலையே.

சொல்லவில்லை. நாலு முறை பட்டறைக்குள் போனேன், நாலு முறையும் டீ வேணுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். பேத்திக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஒரு நாளில் எத்தனை டீ.

ஏன் சொல்லவில்லை? பிரஷை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றுதான். வேறு என்ன. எழுதுவதிலாவது உண்மை இருக்கட்டும். எழுபத்தொரு வயதில் ஒரு பெயின்ட் பிரஷுக்காக இரண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 18, புதன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டில், எல்லோரும் இருக்கும்போது துண்டை மேசைமேல் வைத்தேன். நான்தான் பெயின்ட் அடித்தேன், நீ தனியாக வைக்கச் சொன்னதை வைக்கவில்லை என்றேன். பேத்தி சாப்பிடுவதை நிறுத்தினாள். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"எத்தனை குழாய் பாட்டி?"

ஒன்றுதான். இரண்டு மீட்டர்.

மகன்தான் பேசினான். ஒரு குழாய்தானே, இரண்டு எம்எம்மும் தாங்கும், வெள்ளிக்கிழமை சோதனை வைத்துக்கொண்டு இப்போது பிரித்தால் முடியாது என்றான். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா.

"தாங்கும்னா நீங்க உள்ள உக்காருங்கப்பா. நான் உருட்டிவிடறேன்," என்றாள் பேத்தி.

அவள் கை கழுவிவிட்டு முதலில் பல் டாக்டருக்கு ஃபோன் செய்தாள். மறைக்காமல் சொன்னாள். தப்பு எங்களுது, சரி பண்ணிட்டுத்தான் வண்டியைக் கொடுப்போம் என்றாள். பாட்டி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. பக்கத்திலேயே நின்று கேட்டேன், வரவில்லை.

இரண்டு மீட்டருக்குள் வெட்டின குழாய்கள் கூண்டில் ஆறு. ஒவ்வொன்றிலும் சின்னத் துளை போட்டுக் கொக்கிக் கம்பியை விட்டு அளந்தாள். முதல் துளை மூன்று எம்எம். இரண்டாவதும் மூன்று. மூன்றாவதில் கம்பியை எடுத்துத் திரும்பவும் விட்டுப் பார்த்தாள்.

ஓட்டுகிறவர் பக்கம், கதவுக்கு மேலே, சரியாகத் தலை வருகிற இடம்.

வெட்டும் மெஷினை எடுத்தது மகன். அவளை விடவில்லை, தானே அறுத்தான்.

மார்ச் 19, வியாழன்

விடிந்ததிலிருந்து வெல்டிங் சத்தம். சாயங்காலம் புதுக் குழாய் ஏறிவிட்டது. துளை போட்ட மற்ற இடங்களையும் அடைத்துவிட்டார்கள்.

பிரஷைக் கழுவித் துடைத்து பேத்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீங்க ஒரு தடவை தப்பு பண்ணீங்க. நான் வெட்டும்போது, வளைக்கும்போது, வெல்டிங் வைக்கும்போது மூணு தடவை பார்க்கல. பாட்டி அடிச்ச சிவப்புன்னு நம்பிட்டேன். இனிமே சிவப்பு இருந்தாலும் அளந்துட்டுத்தான் வெட்டுவேன்."

அப்படியென்றால் என்னை நம்பமாட்டாயா என்று கேட்டேன். சிரிப்புக்குத்தான் கேட்டேன், குரல் அப்படி வரவில்லை.

"நம்பறேன். அளந்துட்டு நம்பறேன்."

மகன் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எங்கம்மாவிடம் இப்படிப் பேச எனக்கு நாற்பத்தெட்டு வயசாகியும் தைரியம் வரவில்லை என்றான்.

குழாயின் கனம் அளக்கும் வெர்னியரை எனக்கும் காட்டிக்கொடுத்தாள். எண் தானாக வருகிறது. புள்ளிக்குப் பிறகு வருவதைப் படிக்கத்தான் கொஞ்சம் நேரமாகிறது. இந்தக் குழந்தைகள் எனக்கு அமைந்ததற்கு யாரிடம் நன்றி சொல்வது என்று தெரியாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

அதிகாரி வந்தார், சுத்திச் சுத்திப் பார்த்தார், அவரும் ஒரு துளை போட்டார். கையெழுத்துப் போட்டார். புதுக் குழாய் எது என்று அவருக்குத் தெரியவில்லை. பேத்தியே காட்டினாள், அசட்டுப் பெண்.

மார்ச் 28, சனி

இன்று போட்டி. சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

காலை பத்து மணிக்கு ஃபோன். டாக்டரின் மனைவி. பேத்தி காதில் வைத்துக்கொண்டு உம், உம் என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். என் உயிர் என்னிடம் இல்லை.

நேற்று கடைசிச் சரிவில் வண்டி உருண்டிருக்கிறது. மூன்று சுற்று. ஓட்டுகிறவர் பக்கம் பாறையில் மோதி நின்றதாம். கதவு காகிதமாகக் கசங்கிவிட்டது, கதவுக்கு மேலே இருந்த குழாய் உள்ளே வரவில்லை. இரண்டு பேரும் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு தாங்களே நடந்து வெளியே வந்திருக்கிறார்கள். போட்டி போச்சு.

மகன் வெளியே போய் வெகு நேரம் கை கழுவினான்.

மார்ச் 31, செவ்வாய்

கீழ்க் கடைவாய்ப்பல் ஒரு வாரமாக ஆடுகிறது. வேறு டாக்டரிடம் போகலாம், பாவம் அவர் ஓய்வெடுக்கட்டும் என்றேன். அவர் நேற்றே கடையைத் திறந்துவிட்டார் என்றாள் மருமகள். அழைத்துப் போனாள்.

வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். எல்லோரையும் போல உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலியைச் சாய்த்தார்கள். அவர் வந்து குனிந்தார். கழுத்தில் பெல்ட் அழுத்திய இடம் பட்டையாகக் கன்றியிருந்தது. வேறு ஒன்றுமில்லை. கை நடுங்கவில்லை. வண்டியைப் பற்றி அவர் பேசவில்லை, நான் பேசலாம் என்றால் அதற்குள் வாயில் பஞ்சு.

"வலிச்சா கையைத் தூக்குங்கம்மா."

தூக்கினேன். அவர் உடனே நிறுத்திவிட்டார்.

நான் கையை நீட்டி அவர் தலையைத் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம், காதுக்கு மேலே. முழுசாக இருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.