ஒரு நாளும் இல்லை

மார்ச் 4

சின்னக்குட்டிக்கு,

தெய்வத்தின் தயவில் காலம் ஓடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் அவசரமாக "ஆச்சும்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மனச்சோர்வு ஆராய்ச்சிக்கு அம்மாக்களும் வேண்டும் என்று நீ அனுப்பிய கேள்வித்தாள் வந்தது. தூக்கம் கெடுகிறதா, பசி போய்விட்டதா, எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறதா என்று ஒன்பது கேள்வி. ஒன்பதுக்கும் 'ஒரு நாளும் இல்லை' கட்டத்தில் டிக் போட்டு அனுப்பிவிட்டேன். தாளின் தலையில் ஓர் எண் இருந்தது. வீட்டை விட்டு வெளியே போகிற எதையும் நான் குறித்துவைக்காமல் விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியுமே, கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நேற்றும் பால் அடிப்பிடித்துவிட்டது. அடுப்புக்கு எதிரேதான் நின்றிருந்தேன். உன் அண்ணன் வந்து பார்த்து, "மூக்கு என்ன லீவுல போயிருக்காம்மா?" என்று சிரித்துவிட்டுப் போனான். அப்பா போன பிறகு கழுவுவதற்கு ஒரு தட்டுதான். சில நாள் அதுவும் இல்லை.

லீவு போட்டு வருகிறேன் என்றாயே, எந்த வாரம்? உன் மெத்தையை வெயிலில் காயவைக்க வேண்டும்.

உன் அம்மா


மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

தாள்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. பெயர் இருக்கும் ஓரத்தைக் கிழித்துவிட்டு எண்ணை மட்டும் வைப்பது அலுவலகத்துப் பெண்ணின் வேலை. எது யாருடையது என்று எனக்கே தெரியக்கூடாது. ஆனால் ஒன்பதுக்கும் 'இல்லை' போட்டதாக நீயே கடிதத்தில் எழுதிவிட்டாய், அப்பாடா என்று இருந்தது. "அம்மா ஒரு மாதிரி இருக்காங்க, வந்து பாரு" என்று அண்ணன் சொன்னதிலிருந்து எனக்கு உள்ளூரப் பயம். அதற்குத்தான் லீவு கேட்டிருந்தேன். இப்போது அதை மழைக்காலத்துக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

தாளில் எழுதுவதும் வாயால் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் எங்கள் சோதனை. அதனால் ஒரு டாக்டரம்மா போனில் கூப்பிடுவார். அரைமணி பேசு. நீ சொன்னது எதுவும் பெயரோடு என் காதுக்கு வராது.

அன்பு மகள்


ஏப்ரல் 11

சின்னக்குட்டிக்கு,

டாக்டரம்மா கூப்பிட்டார். "இன்னைக்கு சாப்பிட்டீங்களாம்மா?" என்றுதான் ஆரம்பித்தார். இல்லை என்றேன். "ஏம்மா?" என்றார். அரைமணி என்று சொன்னாய், அதற்கு மேலேயே ஆகிவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

வெயிலில் போட்டிருந்த மெத்தையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

உன் அம்மா


ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் சந்தோஷச் செய்தி. என் கட்டுரையை மாநாட்டில் படிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எல்லாம் ஒரே ஒருவரால். நாற்பத்தொன்றாம் எண். பெயர் கிடையாது, உன்னிடம் சொன்னால் தப்பில்லை. தாளில் எல்லாவற்றுக்கும் 'ஒரு நாளும் இல்லை'. அப்படிப் போட்டவர்கள் உன்னையும் சேர்த்து ஏழு பேர். மற்றவர்கள் போனிலும் அதையே சொன்னார்கள். இவருக்கு மட்டும் கடுமையான மனச்சோர்வு. பிறகு ஏன் இல்லை என்று எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "இருக்குன்னு எழுதினா வீட்டுலயே தங்கிடும்மா. இல்லைன்னு எழுதினா சாமி பார்த்து இல்லாம பண்ணிடுவாரு" என்றாராம். அவர் எழுதியது விடையே இல்லை அம்மா, வேண்டுதல். எங்கள் தாளில் அதற்கு ஏது கட்டம்? அந்த ஒரு வரியில்தான் என் கட்டுரையே நிற்கிறது.

அடுப்பில் பால் பொங்கி வற்றுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். அணைக்கக் கை வராதாம். டாக்டரம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார், கவலைப்படாதே. படித்த பிள்ளைகள் வேறு இருக்கிறார்களாம். எந்த வீட்டுப் பிள்ளைகளோ, ஒருவர்கூடவா கேட்கவில்லை? நீ நன்றாக இருக்கிறாய், அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவள்.

மாநாடு மழைக்காலத்தில். லீவு அதற்கே சரியாகிவிடும். அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன்.

அன்பு மகள்


ஜூலை 15

மகளுக்கு,

உன் மாநாடு நல்லபடியாக நடக்க வேண்டும். இது வேண்டுதல்தான், விடை என்று எடுத்துக்கொள்ளாதே.

அந்த அம்மாவுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி கொஞ்சம் தூக்கம் வருகிறது. அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் கரி போகவில்லை, பழைய சாமான்காரரிடம் போட்டாயிற்று.

எந்த வீட்டுப் பிள்ளைகளோ என்று கேட்டிருந்தாய். இரண்டு பேர். பெரியவன் முதலில் சிரித்தான், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், தங்கைக்குச் சொல்லாதே என்றதற்கும் தலையாட்டினான். சின்னவள் கட்டுரை எழுதுகிறாள்.

அடுத்த வருஷத்துக்கு இப்போதே லீவு கேட்க வேண்டாம். மெத்தையைப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
நாற்பத்தொன்று