திரையில் ஏறிய ஒன்று

செப்டெம்பர் 9, செவ்வாய்

காலை முழுக்கத் தூறல். பல்லேகல வரை பஸ்ஸில் நின்றபடி.

செய்ய வேண்டியவை: டெப்லட் சார்ஜ். பெயர்ப் பட்டியல். அம்மாவுக்குக் கோல்.

வெள்ளி, தொழிற்சாலை நலன்புரிச் சங்கத் தேர்தல். இம்முறை கடதாசி இல்லை, புள்ளடி இல்லை. டெப்லட்டில் வேட்பாளரின் படத்தைத் தொட்டால் வாக்கு. கணினிப் பகுதியில் இருக்கிற பாவத்துக்கு எல்லாம் என் தலையில். போட்டி இருவர்: இப்போதைய தலைவர், அவர்தான் தையல் பகுதி சுப்பவைசரும்; எதிரே அவருக்குக் கீழ் தைக்கும் குமுதினி. வாக்கு விழ விழ மண்டபத் திரையில் ஏற வேண்டுமாம், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. தலைவரின் ஆசை. அதற்கு இன்டர்நெட் இணைப்பு வேண்டும்.

செப். 11, வியாழன்

இணைக்க மனமில்லை என்று ஸ்டோர்ஸ் நஸீமாவிடம் சொன்னேன்.

"ஹெக் பண்ணுவாங்கண்டு பயமா ஒங்களுக்கு? எங்கட சங்கத்த யாரு சீண்டப் போறாங்க."

அந்தப் பயம்தான். கடவுச்சொல்லை மூன்று தரம் மாற்றினேன். தலைவரிடம் முடியாது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சவர்க்காரம் முடிந்துவிட்டது.

செப். 12, வெள்ளி

வெளியிலிருந்து ஒருத்தனும் நுழையவில்லை. எல்லாம் ஒழுங்கு. அதுதான் வினை.

வெறும் பெட்டியைத் திறந்து காட்டுவது போலத் திரையில் 0, 0 காட்டினேன். டெப்லட்டைச் சுற்றி மறைப்பு அட்டை. ஒருவர் வெளியே வந்தபின்தான் அடுத்தவர். பெருமை வேறு. தலைவர் தேநீரோடு முன் கதிரையில். முதல் எட்டுப் பேரும் அவருடைய ஆட்கள், எட்டும் அவருக்கு. ஒன்பதாவது செல்வராணி அக்கா, வத்தேகமவிலிருந்து வருகிறவர், அவரும் தையல்தான். அட்டைக்குப் பின்னால் போனார். குமுதினிக்கு நேரே 0 இருந்த இடத்தில் 1.

அக்கா வெளியே வந்தபோது மண்டபமே அவரைப் பார்த்தது. தலைவர் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையின் வயரைப் பிடுங்கினேன். திரும்பப் போடச் சொல்லித் தலைவர் கையைக் காட்டினார். திரும்பப் போட்டேன். போட்டது நான்தான்.

குமுதினிக்குக் கடைசிவரை இரண்டு. மற்றது அவளுடைய சொந்த வாக்கு.

செப். 16, செவ்வாய்

மழை. அக்காவை அயன் பகுதிக்கு, தைத்ததைத் தேய்க்கிற இடத்துக்கு, மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க ஆவிக்குள். அவருக்கு இழுப்பு. அங்கே ஆள் போதாதாம்.

கண்டீனில் என் எதிரே உட்கார்ந்தார். "நீங்க என்ன செய்வீங்க தம்பி, உங்க தப்பில்ல" என்று சொல்வார் என நினைத்தேன். அதை எதிர்பார்த்தேன் என்பதே வெட்கம். அவரோ இன்ஹேலரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டார்.

மனேஜரைப் பார்க்க வேண்டும். நாளை.

செப். 22, திங்கள்

இன்றுதான் பார்த்தேன். மனேஜருக்குத் திரை பிடித்துவிட்டது. அடுத்த கிழமை கண்டீன் குழுத் தேர்தலுக்கும் வேண்டுமாம். இணைப்பே கூடாது, முடிவு கடைசியில் மட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒத்துக்கொண்டார். அக்காவின் மாற்றம்? அது சுப்பவைசர் விஷயமாம்.

நாலு மணிக்கு அக்கா கணினி அறை வாசலில். இங்கே வந்ததே இல்லை.

"அக்கா, இந்தமுறை இன்டர்நெட் இல்லை, திரையும் இல்லை. நீங்கள் ஆருக்குப் போடுறீங்கள் எண்டு எனக்குக்கூடத் தெரியவராது."

முழுதும் கேட்டார். இருமல் அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரிங்க தம்பி. எந்தப் படத்தத் தொடணும்னு மட்டும் சொல்லிருங்க. அதையே தொடுறேன்."