மேபெலின் ஒழுக்கும் நான்காவது பாவாடையும்

ஜூலை 6, சனி

மேபெலுக்கு மறுபடி ஒழுக்கு. கொட்டகையில் முன்சக்கரங்களுக்கு நடுவே எண்ணெய்க் குளம். பூனை அதில் நடந்து, பிறகு என் சமையலறையிலும் நடந்திருக்கிறது.

மேபெல் எங்கள் 1958 டிராக்டர். என் புருஷன் வெர்லின் அதற்குத் தன் அத்தையின் பெயரை வைத்தான். அத்தைக்கும் கடைசிக் காலத்தில் இதே தொல்லைதான். பாவம், அவளுக்காவது டாக்டர் இருந்தார்.

மாவட்டக் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கிறது. எட்டுப் பழைய டிராக்டர்கள் ஜோடி ஜோடியாக நின்று, ஆட்டத்தை நடத்துகிற ஓரின் மைக்கில் அடிகளைப் பாடப் பாட நடனம் ஆடும். ஓட்டுகிற எட்டுப் பேரும் ஆண்கள். அதில் நான்கு பேர் பாவாடை, விக், உதட்டுச்சாயத்தோடு பெண்கள். வெர்லின் பதினொரு வருடமாக நான்காவது பெண். தோள் ஆபரேஷனுக்குப் பிறகு பவர் ஸ்டீரிங் இல்லாமல் அவனால் ஒரு திருப்பம்கூடத் திருப்ப முடியாது. ஒழுகுவதோ அந்த ஸ்டீரிங்கின் எண்ணெய்.

ஜூலை 9, செவ்வாய்

ஸ்டீரிங் பெட்டியில் வெர்லின் புது ஆயில் சீல் போட்டுவிட்டான், எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையம். "இனி ஒரு சொட்டு வராது பாரு" என்றான்.

வந்தது.

ஜூலை 11, வியாழன்

ஒத்திகைக்கு நானும் போனேன். மேபெல் மைதானமெல்லாம் எண்ணெய்க் கோலம் போட்டாள். வெர்லின் பாதியிலேயே தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். ஓரின் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். வாய் சும்மா இருக்குமா? கேட்டுவிட்டேன்.

"நான் ஓட்டட்டுமா ஓரின்?"

"இது ஆம்பளைங்க ஆட்டம், லோர்னா."

"அப்ப அந்த நாலு பாவாடை?"

"அது வேஷம்மா."

"எனக்கு வேஷச் செலவே இல்லையே. இப்படியே வந்துடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். காரில் ஏறிய பிறகு சிரிப்பு வரவில்லை. ஒன்பது வயதில் டிராக்டர் ஓட்டப் பழகியவள் நான். அந்தப் பாவாடையைத் தைத்து, வருடா வருடம் இஸ்திரி போடுகிறவளும் நான். எனக்கு அந்த நடனம் ஆட வேண்டும். ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். அறுபது வயதில் இதை எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

இரண்டாவது சீல். இதுவும் ஒழுகுகிறது. கடைக்காரன் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டானாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒரே பெட்டியாக நாலு வாங்கி வந்தவன் இவன்தான்.

ஜூலை 17, புதன்

மூன்றாவது சீல். கெட்ட வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோய் அவன் அப்பாவின் ஜெர்மன் வார்த்தைகளுக்கு வந்துவிட்டான்.

ஜூலை 18, வியாழன்

காலையில் பார்த்தேன், மேபெலுக்கு அடியில் வைத்த தட்டில் எண்ணெய். வெர்லின் அதைப் பார்க்காமலே பல் பிடுங்கக் கிளம்பிப் போனான். எனக்கு மூன்று மணி நேரம் கிடைத்தது. மூன்று தடவை டார்ச் பிடித்தவளுக்கு எந்த போல்ட் எங்கே என்று மனப்பாடம். கழற்றிவிட்டேன்.

ஷாஃப்டின் மேல் நகத்தை ஓட்டினேன். ஓரிடத்தில் சிக்கியது. அறுபது வருடமாகச் சீல் ஒரே இடத்தில் உரசி உரசி மெல்லிய பள்ளம் விழுந்திருக்கிறது. நம்மவர் ஒவ்வொரு புதுச் சீலையும் சுத்தியலால் கடைசி வரை தட்டி, பத்திரமாக அதே பள்ளத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார். உப்புத்தாளால் துடைத்தேன். நாலாவது சீலை எடுத்து, ஒரு தீக்குச்சிப் பருமன் முன்னாலேயே நிறுத்தினேன். அங்கே இரும்பு புதிதாக இருக்கிறது.

மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஓட்டியும் பார்த்தேன். சொட்டு இல்லை. கொட்டகையில் தனியாக ஒரு சுற்று ஆடினேன். கோழிகள் மட்டும் பார்த்தன.

ஜூலை 20, சனி

தட்டு காய்ந்து கிடப்பதைப் பார்த்து வெர்லின் தன் மூன்றாவது சீல்தான் கடைசியில் அமர்ந்துவிட்டது என்று நம்புகிறான். காலைக் காப்பிக்குத் தானியக் கிடங்கில் கூடுகிற கூட்டத்துக்கு, சீலை எப்படித் தட்ட வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தானாம். ஓரின் என்னிடமே வந்து, "உன் வீட்டுக்காரன் கை தங்கக் கைதான்" என்கிறான்.

தங்கக் கையாம். ஏண்டி லோர்னா, வாயில என்ன வச்சிருக்க? ஊருக்கே பேசுவ, இதச் சொல்ல மாட்டியா?

ஜூலை 21, ஞாயிறு

சொன்னேன். அவனுடைய மூன்றாவது சீலைக் கழுவி, இரவுச் சாப்பாட்டுத் தட்டில் சோளக்கதிருக்குப் பக்கத்தில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எப்போ?"

"உனக்குப் பல்லப் புடுங்கினப்போ."

பள்ளத்தைப் பற்றியும் சொன்னேன். சோளத்தைத் தொடாமல் எழுந்து போய்விட்டான். பிடுங்கிய பல்லும் காரணமாக இருக்கலாம்.

ஜூலை 23, செவ்வாய்

பூனையிடம் மட்டும் பேசுகிறான்.

ஜூலை 25, வியாழன்

கடைசி ஒத்திகை. நான் போகவில்லை. ஏழு மணிக்கு ஓரின் ஃபோன் செய்தான்.

"உன் புருஷனுக்கு என்ன ஆச்சு? எல்லார் முன்னாடியும், 'மேபெலச் சரி பண்ணது நான் இல்ல, லோர்னா. நான் கிடங்குல அளந்தது எல்லாம் பொய்'ங்கறான். பாவாடைய எடுத்து என் மடியில போட்டுட்டான். நாலாவது பொம்பள நீதானாம். இல்லன்னா மேபெல் வராதாம். ஏழு டிராக்டர வச்சு நான் எப்படி ஜோடி சேக்கறது?"

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"விக்கு, சாயம் எல்லாம் போட்டுக்கணும். நீ பொம்பளன்னு யாருக்கும் தெரியக் கூடாது. சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்கில்ல."

ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். வெர்லினுக்கு அந்த ஆட்டம் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 27, சனி

ஆடினேன். பொம்பள வேஷம் போட்ட ஆம்பளையாக வேஷம் போட்டு ஆடினேன். ஓரிடத்திலும் தப்பவில்லை. மேபெல் விரல் நுனிக்குத் திரும்பினாள். வெர்லின் வேலி ஓரத்தில் என் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னான். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "அந்தப் பச்சப் பாவாடக்காரன் ஓட்டறதுல கில்லாடி. ஆனா பொம்பள வேஷம் அவனுக்கு ஒட்டவே இல்ல" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?"

"கட்டின நாள்லேருந்தே அப்படித்தான்னேன்."

ஜூலை 28, ஞாயிறு

தட்டு காய்ந்திருக்கிறது. பாவாடை அவன் இடுப்புக்குத் தைத்தது, எனக்குத் தொளதொள. அடுத்த வருடத்துக்குப் பிடித்துத் தைக்க வேண்டும். தானே தைக்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறான். ஊசியில் நூல் கோக்கக் கால் மணி நேரமாகப் போராடுகிறான். ஜெர்மனுக்கு வந்துவிட்டான். நான் டார்ச் மட்டும் பிடிக்கிறேன்.