உள்ளுணர்வியின் சிவப்பு விளக்கு

நாள் 211. காலை 9.10
செவ்வாய், வடக்குக் குடியிருப்பு. மனநல ஆய்வுப் பிரிவு. பதிவு: டாக்டர் சுகிர்தா.

உள்ளுணர்வியின் இறுதிச் சோதனை முடிந்தது. எதிரில் உட்காருபவரின் முகத்தையும் கண்ணையும் படித்து, அவருக்குத் தன்பாலீர்ப்பு உண்டா என்று சொல்லும் கருவி. உண்டென்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது.

குடியிருப்புத் தலைவர் நல்லபெருமாள் ஐயாவின் கருத்து: "இதுக்கு ஒரு மிஷினாம்மா? ஒரு ஆளைப் பாத்த மாத்திரத்துல நான் சொல்லிருவேன்." அவரையும் சோதித்தேன். காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் அவ்வளவுதான் சரியாக வந்திருக்கும். மனிதருக்கு அப்படியோர் உள்ளுணர்வு இல்லை, என் கருவிக்கு உண்டு என்று அறிக்கை எழுதி எல்லாக் குடியிருப்புகளுக்கும் அனுப்பிவிட்டேன். பெருமையாகத்தான் இருக்கிறது.

மகள் குயிலிக்கு இன்று பல் விழுந்தது. அப்பா படத்தின் முன் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

நாள் 214. மாலை 5.40

மூச்சுக்காற்றைத் தயாரிக்கும் காற்று ஆலை வெடித்துவிட்டது. சரிசெய்ய வழியில்லை. இருக்கும் காற்று மூன்று வாரத்துக்கு வரும். கப்பல் வைத்திருப்பது தெற்குக் குடியிருப்பு மட்டும். அவர்களிடமிருந்து வந்த செய்தி:

"எங்ககிட்டயும் காத்து அளவாத்தான் இருக்கு. இது பிள்ளைகுட்டி பெருக வேண்டிய ஊரு. குழந்தைங்களும், இனிமே குடும்பம் நடத்துறவங்களும் மட்டும் வரட்டும். வாயால சொல்றதை நம்ப மாட்டோம். உங்க டாக்டர்கிட்ட கருவி இருக்குல்ல, அதுல பச்சை காட்டுனாத்தான் ஏத்துவோம்."

ஆராய்ச்சிக்காகச் செய்த கருவி அது. வாசற்படியில் வைப்பதற்கா செய்தேன்?

நாள் 216. மதியம் 1.15

வரிசையில் பாதிப்பேருக்குச் சிவப்பு. இப்படி இருக்கவே முடியாது. போன மாதம் கல்யாணமான சண்முகவடிவுக்கும் அவள் கணவனுக்கும் சிவப்பு. கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பாவம்.

கருவிக்குக் கற்றுக்கொடுத்த பழைய பதிவுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் யாருக்கும் தெரியாமல், பின்வாசல் வழியாக, சேமிப்பறைக்கு வந்து உட்கார்ந்தவர்கள். எவராவது பார்த்துவிடுவாரோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களை நான் சாப்பாட்டுக்கூடத்திலேயே பிடித்தேன். கையில் டீயும் வாயில் அரட்டையுமாக இருந்தார்கள்.

என் கருவி கற்றுக்கொண்டது ஈர்ப்பை அல்ல, பயத்தை. இப்போது உயிருக்குப் பயந்து வருகிறவர்களுக்கெல்லாம் சிவப்பு எரிகிறது.

ஐயாவிடம் ஓடினேன். "இப்ப வந்து தப்புங்கிறீங்க. தெற்கு கேட்டா நான் என்னத்தக் காட்ட? பச்சை வாங்கினவங்கள்ல ஒருத்தராவது அப்படிப்பட்டவர்னு நிரூபிங்க. நானே நிறுத்துறேன்" என்றார். நியாயமான கேள்விதான்.

நாள் 217. காலை 8.00

எனக்கும் சிவப்பு.

செத்துப்போன கணவரைச் சொன்னேன். குயிலியைக் காட்டினேன். ஐயா என் அறிக்கையையே எடுத்து வாசித்தார்: "திருமணமும் குழந்தையும் சான்றாகா. கருவியின் முடிவே நம்பத்தக்கது." என் வரிகள். ரசித்து ரசித்து எழுதியவை.

குழந்தைக்கு இடம் உண்டு. ஆனால் பச்சை வாங்கிய பெரியவர் ஒருவர் துணைக்கு வேண்டும். ஒருவருக்கு ஒரு குழந்தைதான். எல்லாருக்கும் அவரவர் பிள்ளை இருக்கிறது.

நாள் 218. காலை 11.30

இதைக் கண்டெடுப்பவருக்கு. இந்தப் பதிவை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

காற்று ஆலையில் வெல்டிங் செய்யும், பிள்ளைகுட்டி இல்லாத லூர்துவுக்கு இன்று பச்சை. ஆய்வுக்கு முதல் ஆளாக வந்தவன். அவனுக்குப் பிடித்தது ஆண்களை என்பது இங்கே எனக்கு மட்டுமே தெரியும். ரேடியோவில் கூப்பிட்டான்:

"யக்கா, எப்படியும் செவப்புதாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். பொறவு என்னத்துக்குப் பயம்? சும்மா உக்காந்தேன், பச்சை காட்டிட்டு. இப்பமே ஐயாட்ட போயி என்னயப் பத்திச் சொல்லிருதேன். நாந்தான ஆதாரம்? எல்லாரும் பொழச்சுக்கிடுவாவ."

சொன்னால் கருவி பொய்யாகும். சண்முகவடிவுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வழி பிறக்கலாம். அல்லது தெற்கு கப்பலையே அனுப்பாமல் போகலாம். லூர்துவின் இடம் மட்டும் நிச்சயமாகப் போய்விடும். குயிலிக்கு வேறு துணை கிடையாது.

"சொல்லாதே. குயிலியைக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

"மத்தவங்க, யக்கா?"

ரேடியோவை அணைத்துவிட்டேன். நான் தாய் என்று இதற்கு யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

நாள் 220. காலை 7.05

கப்பல் போய்விட்டது. ஐயா இங்கேதான் இருக்கிறார். கடைசி ஆளாக உட்கார்ந்தார், சிவப்பு. அதிலிருந்து யாரையும் பார்த்த மாத்திரத்தில் எதுவும் சொல்வதில்லை.

கப்பலிலிருந்து குயிலி: "அம்மா, லூர்து மாமா அழுதுட்டே இருக்காரு. நான் அவர் கையைப் பிடிச்சிருக்கேன். நீ அடுத்த கப்பல்ல வந்துருவேல்ல?"

வந்துவிடுவேன் என்றேன். பக்கத்தில் சண்முகவடிவு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாள் 221. நேரம் தெரியவில்லை, மின்சாரம் போய்க் கடிகாரம் நின்றுவிட்டது

தெற்கிலிருந்து: "உங்க அறிக்கையைப் பாத்து நாங்களும் ஒரு கருவி செஞ்சிட்டோம். எறங்குறப்ப எல்லாரையும் இன்னொரு தடவை உக்கார வைப்போம். செவப்பு காட்டுனா, கூட வந்த குழந்தையோட அதே கப்பல்ல திருப்பி அனுப்பிருவோம்."

கருவி பயத்தைத்தான் படிக்கிறது என்று பதில் அனுப்பினேன். "ஆதாரம்?" என்று கேட்கிறார்கள். ஆதாரம் உங்கள் வாசலுக்குத்தான் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறது. அதை எப்படிச் சொல்வேன்?

அன்று லூர்துவுக்கு இழக்க எதுவும் இல்லை, அதனால் பயமும் இல்லை. இன்று அவன் கையில் குயிலி இருக்கிறாள். நான்தான் கொடுத்தேன்.

கப்பலைக் கூப்பிடுகிறேன். மின்கலம் தீரப்போகிறது. ஐயா தன் அறை மின்கலத்தையும் கழற்றிக் கொண்டுவந்து தந்தார். சண்முகவடிவு ஏரியலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இருந்தும் நிற்கிறாள்.

லூர்து, கேட்கிறதா? உட்காரும்போது அவளை நினைக்காதே. அவளைப் பார்க்காதே. பயப்படாதே. பயப்படாதே லூர்து, பய