வழியில் வெள்ளம் உண்டா

1931 ஜூலை 6, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. வெள்ளிக்கிழமை கொழும்புப் பயணம். அங்கே என் சிநேகிதி சாராளுக்கு இது பேறுகால மாதம். அவள் அம்மா போகிறார்கள், கூட நானும். சாராளும் அங்கே அவளோடு இருக்கும் அவள் தங்கை ரெபேக்காளும் என்னையும் கேட்டு எழுதியிருந்தார்கள். மூன்று பேரும் ஒரே பாயில் இருந்து நூலில் ரேந்தைப் பூவேலை பின்னியவர்கள்.

பெட்டியில்: தாவணி மூன்று. சுக்கு, கருப்பட்டி. பிள்ளைக்கு ரேந்தை வைத்த தொப்பி (பாதி). மட்டி வாழைப்பழம் கடைசி நாளில் வாங்க வேண்டும்.

கப்பலுக்குப் பயமில்லை. புது ஆட்கள் பேச்சுக் கொடுத்தால்தான்.

7, செவ்வாய்

சாராளின் வீட்டுக்காரரிடமிருந்து கார்டு. யாழ்ப்பாணத்துக்காரர். சா. நாலு நாளாக ஆஸ்பத்திரியில், ரெபேக்காளும் கூடவே, அதனால் அவரே பதில். என் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தில் 'வழியில் வெள்ளம் உண்டா' என்று கேட்டிருந்தோம். அப்பா உரக்க வாசித்தார்: "வழியில் எங்கும் வெள்ளம் இல்லை. பயமின்றிப் புறப்படவும்."

"குடிக்க வெள்ளமில்லாத வழியிலயா பிள்ளைய விடியது?" அம்மா.

"கூஜாவில கொண்டு போகட்டும்." அப்பா.

"ரயிலு, கப்பலு, எல்லாத்துக்கும் ஒரு கூஜாவா? அவ போகாண்டாம்."

நான் வரவில்லை என்று சா. அம்மாவுக்கு ஆள் விட்டாயிற்று. நான் தலையாட்டினேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியபோதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் சா. என்னை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள்.

8, புதன்

தொப்பி முடிந்தது. கார்டை மறுபடி வாசித்தேன். குடிக்கத் தண்ணீர் இல்லை என்று எழுதிவிட்டு, 'பயமின்றி' என்று யாராவது எழுதுவார்களா?

அவர்கள் கலியாணச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. "மாப்பிளைக்கு வெள்ளம் வேணுமா?" என்று சா. அம்மா கேட்டார்கள். அவர் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார். வெளியே நல்ல வெயில்.

அவருக்கு வெள்ளம் என்றால் ஆறு பெருகி வருவது. நாம் குடிக்கிற வெள்ளம் அவருக்குத் தண்ணீர்.

இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். மூன்று தரம் அடுக்களை வரை போனேன். ஒரு தரம் உப்பு எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

9, வியாழன்

சா. அம்மா நேரே வந்துவிட்டார்கள். "நாளைக்குப் பொறப்பாடு. பிள்ளை வருதா இல்லியா?"

"வரல்ல," என்றாள் அம்மா.

கதவுக்குப் பின்னால் நின்ற நான் வெளியே வந்தேன். "அவரு சொன்னது குடிக்கிய வெள்ளம் இல்ல. பெருவெள்ளம். வழியில பெருவெள்ளம் இல்லேன்னு எழுதியிருக்காரு." ஒரே மூச்சு. யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

சா. அம்மா, "எம்மா! அதுக்குத்தான் அன்னைக்கு வாசலப் பாத்தாரா? மருமொவனுக்குக் கொஞ்சம் கிறுக்குன்னுல்லா ரெண்டு வருசமா நெனச்சிட்டிருக்கேன்!"

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"ஏட்டி, எப்பம் தெரியும் ஒனக்கு?"

"நேத்து."

"நேத்தே சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா?"

அம்மா அடுக்களைக்குள் போனாள். உள்ளேயிருந்து, "தாவணிய மடிச்சு வச்சியா?"

10, வெள்ளி

சாரல் விட்டிருக்கிறது. வடசேரியில் ஏழு மணிக்கு பஸ். அப்பா பழம் வாங்கப் போயிருக்கிறார்.

சா. அந்த வீட்டில் இந்த இரண்டு வருடமாக என்ன சொல்லித் தண்ணீர் கேட்கிறாளோ. ஒரு கடிதத்திலும் எழுதினதில்லை. நானும் கேட்டதில்லை.

அம்மா தலை பின்னிவிட்டாள், கொஞ்சம் இறுக்கமாக. "போய்ச் சேந்ததும் கடிதாசு போடு. சொல்லித்தர நான் அங்க இருக்கமாட்டேன் பாத்துக்கோ. ஒனக்குத் தோணியத எழுது."

எனக்குத் தோன்றுவதை. அம்மாவுக்கு. முதல் வரி என்ன

அப்பா கூப்பிடுகிறார்.